உப்புப் பார்த்த காலை

என் கல்யாணம் ஒரு துளி உலைத் தண்ணீரில் போயிற்று. சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்தேன். சிரிக்கக்கூடியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனிமேல் சொல்லலாம்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தஞ்சோங்கில், அதாவது பினாங்குப் பட்டணத்தில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்துக் கிட்டங்கி ஒன்றில் கிராணி. எழுத்து வேலை பார்ப்பவர் ஆதலால் வீட்டில் பேச்சை மிச்சம் பிடிப்பார். வீட்டை நடத்தியது அம்மாதான். அம்மாவையும் என்னையும் தவிர வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். என் பெரியம்மாவின் மகள், என்னைவிட ஐந்து வயது மூத்தவள். தாய் தகப்பன் இருவரும் ஒரே காய்ச்சலில் போக, ஒன்பது வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே பாயில் படுத்தோம், ஒரே சீப்பில் தலை வாரினோம். என் தலைக்குப் பேன் பார்த்து, என் துணியையும் சேர்த்துத் துவைத்தவள் அவள். கூடப்பிறந்த அக்கா இருந்திருந்தால்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டாள்.

அக்காவுக்கு ஒரு குறை இருந்தது. அவளுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் முடிவாகி, கோயிலில் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டென்றால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் வாசிப்பாரே, அதுதான் ஓலை. இரண்டாவது ஓலையோடு மாப்பிள்ளை சுமத்ராவுக்குக் கப்பலேறிவிட்டான். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பாதி ஓலையில் நின்ற பெண்ணை யாரும் திரும்பக் கேட்டு வருவதில்லை. வந்தவர்களெல்லாம் அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார்கள்.

அப்படி வந்ததுதான் புக்கிட் மெர்தாஜாம் சம்பந்தம். பையன் அங்கே ரயில் நிலையத்தில் கிராணி. ஒல்லியாக இருப்பார், சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நிற்கும். பெரிய திருநாட்களில் எங்கள் கோயில் பாடற்குழுவோடு நின்று பிடில் வாசிக்க வருவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அந்தக் காலத்துப் பெண் இதையெல்லாம் சொல்லக்கூடாது. இப்போது சொல்கிறேன், ரொம்பப் பிடித்திருந்தது.

அவருடைய அம்மா அந்த வருஷம்தான் ஊரிலிருந்து வந்திருந்தார். திருச்சிப் பக்கத்து மேட்டுக்காட்டு மனுஷி, விதவை, கண்டிப்பானவர். இங்கே எல்லார் வீட்டிலும் பொங்கும் ரங்கூன் அரிசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது பெட்டியில் துணிமணியைக் குறைத்து ஒரு மூட்டை சாமை கட்டிக்கொண்டு வந்தவர். பெண் பார்க்க வந்த அன்று அம்மாவிடம் அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"நகைநட்டு ஒண்ணும் கேக்கல. இங்கயே பொறந்த பொண்ணு, சாமையக் கண்ணால கண்டிருக்க மாட்டா. மாதா திருநாளைக்கி பூசை முடிஞ்சு ஒங்க வீட்டுக்குத்தான் பசியாற வருவேன். சாமை உப்புமா கிண்டி வைக்கச் சொல்லுங்க. கொழையாம, நறுக்குன்னு இல்லாம, உதிரி உதிரியா. அதப் பாத்துட்டுப் பேசிக்கலாம்."

நான்கு நாள் கழித்து அவர் மகனே ஒரு சிறு பையில் சாமையைக் கொண்டுவந்து வாசலில் நின்றார். அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். "கல்லு கெடக்கும், பாத்துப் பொடைங்க" என்றார். அவர் என்னிடம் நேராகப் பேசியது அந்த ஒரு பேச்சுத்தான். அதை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் ஓட்டினேன் என்று கேட்காதீர்கள்.

பையில் இருந்தது ஐந்து பேருக்குக் காணும் சாமை. ஒரு பிடி எடுத்துச் சமைத்துப் பழகலாம் என்றால் பந்தியில் குறையும். எங்கள் தெருவில் சாமை சமைத்தவர் யாருமில்லை. அம்மாவும் சின்னப் பிள்ளையாகக் கப்பலேறியவள். "எங்க ஆத்தா சாமைய வறுத்துட்டுத்தான் போடும்" என்பதைத் தவிர அவளுக்கும் ஒன்றும் ஞாபகமில்லை. நானும் அக்காவும் முறத்தை வைத்துக்கொண்டு இரண்டு மத்தியானம் கல் பொறுக்கினோம். சாமையோ கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, கல்லும் அதே நிறம், அதே பருமன். அக்காவுக்குக் கண் கூர்மை. நான் விட்டதையெல்லாம் அவள் எடுத்தாள். என் கல்யாணத்துக்காக அவள் கல் பொறுக்கினாள் என்பதை நான் மறுக்க மாட்டேன்.

இனி எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பூசையில் சாமியார் கையால் திருஅப்பம் வாங்குவதை நாங்கள் நன்மை வாங்குவது என்போம். அன்று நன்மை வாங்கப் போகிறவர்கள் நடுச்சாமம் தொட்டுப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடக் கூடாது. திருநாள் என்றால் வீட்டில் அத்தனை பேரும் நன்மை வாங்குவார்கள். பூசை முடிந்து வருகிறவர்களுக்கோ சுடச்சுடப் பலகாரம் வேண்டும். அதனால் திருநாள் விடியற்காலைகளில் எங்கள் பெண்கள் எல்லாரும் ருசி பாராமல்தான் சமைப்பார்கள். ரவைக்கு இத்தனை சிரட்டைக் கரண்டி உப்பு, பச்சரிசி நொய்க்கு இத்தனை என்று அளவு கையில் இருக்கும். அதற்கும் மேல் சந்தேகம் வந்தால் கொல்லைச் சுவரைத் தட்டி, பக்கத்து வீட்டு ராவுத்தர் சம்சாரத்தைக் கூப்பிட்டு ஒரு கரண்டி நீட்டுவோம். அந்த அம்மா நாக்கில் வைத்துப் பார்த்து "இன்னும் ஒரு சிட்டிகை" என்பார். எத்தனையோ திருநாள் எங்கள் வீட்டு உப்பு அவர் நாக்கை நம்பித்தான் நடந்தது.

அந்த வருஷம் மாதா திருநாள் நோன்பு மாதத்தில் வந்தது. எங்களில் யாருக்கும் அது உறைக்கவில்லை.

அன்று காலை அம்மா, பையனின் தாயாரைத் தன் பக்கத்தில் உட்கார வைக்க முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். போகும்போது, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, பாத்துப் போடு" என்று பயமுறுத்திவிட்டு வேறு போனாள். அப்பா எப்போதும்போல் அவளுக்கு முன்னால். அடுப்படியில் நானும் அக்காவும் மட்டும். சாமையைக் களைந்து வடியவைத்து, வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்து எடுத்தேன். நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, வெங்காயம், காரம் மிகுந்த குட்டி மிளகாய் நாலு, கருவேப்பிலை எல்லாம் தாளித்து, ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தேன். உப்புப் போட்டேன். போட்டதும் பயம் பிடித்துக்கொண்டது. ரவை குடிக்கிற உப்பு வேறு, நொய் குடிக்கிற உப்பு வேறு. சாமை எவ்வளவு குடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அக்கா போய்ச் சுவரைத் தட்டினாள். "பாங்கு சொல்லியாச்சேம்மா, நோன்பு வச்சுட்டனே. கொஞ்ச முந்திக் கூப்புட்டிருக்கப்படாதா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

அக்கா திரும்பி வரும்போது என் கை தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. உப்புமாவுக்கு உலைத் தண்ணீர் கொஞ்சம் கரித்தால்தான் வெந்தபின் சரியாக இருக்கும், அதனால் உப்பைத் தண்ணீரிலேயே பார்த்துவிட வேண்டும். தினமும் செய்கிற பழக்கம். கரண்டியால் தொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டேன். உப்புப் போதவில்லை. ஒரு சிட்டிகை போட்டேன். மறுபடியும் நக்கினேன். சரியாக இருந்தது. அதற்கப்புறம்தான் நான் செய்தது எனக்கே தெரிந்தது.

"முழுங்கிட்டியா?" என்றாள் அக்கா.

துப்பியிருந்தால் பாதகமில்லை. விழுங்கிவிட்டேன். இரண்டு தடவை.

நன்மை வாங்கக் கூடாது, அவ்வளவுதான், அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் திருநாளன்று நன்மை வாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கல்யாண வயதுப் பெண்ணைப் பார்த்து ஊர் என்ன நினைக்கும்? சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவளிடம் இருக்கிறது என்று நினைக்கும். பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் இருக்கக்கூடியது என்ன என்று அதுவே கற்பித்தும் கொள்ளும். போய் வாங்கியிருக்கலாமே, யாருக்குத் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். பிறகு நானும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அந்த வயதில் நரகம் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. சர்வேசுரனை ஏமாற்றிவிட்டுக் கல்யாணம் கட்ட எனக்குத் தைரியம் இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"இதுக்குப் போயி அழுவாங்களா? நீ பேசாம பெஞ்சுல ஒக்காந்திரு. ஒனக்கு வரப்போற அத்தகிட்ட நான் சொல்லிக்கிறேன். மறந்து உப்புப் பாத்துட்டா, பாவம்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சு போச்சு. சிரிச்சுக்குவாங்க."

பேச்சுவார்த்தை நடக்கும்போது பெண் தானாகப் போய்ப் பிள்ளையின் தாயாரிடம் பேசுவது மரியாதையில்லை. அக்கா பேசலாம். அதனால் அவள் சொன்னது எனக்கு நியாயமாகப்பட்டது. சாமையைக் கொட்டிக் கிளறி, கரியை இழுத்துவிட்டு, தணலில் மூடிவைத்துவிட்டு இருவரும் முக்காட்டை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

நன்மை வாங்கும் நேரம் வந்தது. எங்கள் பெஞ்சில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதிக்குப் போனார்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளோடு பிள்ளையின் தாயாரும் பார்த்தார். அக்கா என் முழங்காலைத் தாண்டிப் போனாள். அந்த நீளப் பெஞ்சில் நான் ஒருத்தி குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தேன். மேலே பாடற்குழு மாடத்தில் பிடில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்து பார்த்தால் பெஞ்சுகளெல்லாம் தெரியும்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது தூறல். பிள்ளையின் தாயார் அக்காவைக் கையைப் பிடித்து அழைத்துத் தன் குடைக்குள் சேர்த்துக்கொண்டார். நான் அம்மாவோடு பின்னால் வந்தேன். முன்னால் இரண்டு தலைகளும் ஒன்றாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்தேன். அவர் ஏதோ கேட்பதும், அக்கா பதில் சொல்வதும் தெரிந்தது. சொல்லிவிட்டாள் என்று எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்தக் குடையைப் பார்த்து மனசுக்குள் நன்றிகூடச் சொன்னேன், முட்டாள்.

உப்புமா பிரமாதமாக வந்திருந்தது. மூடியைத் திறந்ததும் ஆவியோடு பருக்கை பருக்கையாய்ப் பூத்திருந்தது. தேங்காய்ப்பூ தூவிப் பரிமாறினேன். பிள்ளையின் தாயார் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். "நல்ல கைப்பக்குவம்" என்றார். ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. புறப்படும்போது என் தலையில் கை வைத்து, "நல்லா செபம் பண்ணும்மா" என்றார். மருமகளாகப் போகிறவளுக்குச் சொல்லும் புத்தி என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து கோயில் உபதேசியார் மூலம் சேதி வந்தது. அவர்கள் அக்காவைக் கேட்டார்கள்.

"மூத்தவ இருக்கப்ப எளையவளக் கேட்டது தப்புன்னு அவங்களுக்கே தோணிருச்சாம்" என்றாள் அம்மா. அப்படியானால் முதலில் என்னை ஏன் கேட்டார்கள் என்று கத்தினேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அக்கா அன்று இரவு பாயில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லு, நானும் வேண்டாம்னு சொல்லிர்றேன்" என்றாள். பெற்றவர்கள் இல்லாதவள், பாதி ஓலையில் நின்றவள். அவளிடம் எந்த மனுஷி வேண்டாம் என்று சொல்வாள்? நான் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று தெரிந்துதான் கேட்டாள்.

மூன்று ஓலையும் வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் நான் முன்பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அதன்பின் இரண்டு இடம் வந்தது. இரண்டும் ஏதோ விசாரித்துவிட்டு வாசலோடு நின்றன. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நான் கன்னியர் மடத்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்க ஆரம்பித்தேன்.

அக்காவின் இரண்டாவது பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று மூன்று வருஷம் கழித்து புக்கிட் மெர்தாஜாம் போனேன். அக்கரையில் இருந்த பிறைக்குப் படகேறி அங்கிருந்து ரயில். மறுநாள் காலைப் பலகாரத்துக்கு அத்தை, அக்காவின் மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், சாமை உப்புமாதான் வேண்டும் என்றார். "ஒங்கக்காவுக்கு இன்னமும் கைகூடல, நீயே கிண்டும்மா" என்றார். நான் தாளித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவர், மெதுவாக, தனக்கே பேசுவதுபோல் கேட்டார்.

"இப்பல்லாம் ஒழுங்கா நன்மை வாங்குறியாம்மா?"

"நான் எப்ப அத்த வாங்காம இருந்தேன்?"

"மறைக்காத. அன்னைக்கி நான்தான் பாத்தேனே. மனசு கேக்காம ஒங்கக்காகிட்ட என்னடின்னு கேட்டேன். 'அது அவளுக்கும் சாமியாருக்கும் உள்ளது அத்த, என்னையக் கேக்காதீங்க'ன்னுட்டா. எவ்வளவு கேட்டும் ஒன்னைய விட்டுக்குடுக்கல. அந்த வாய்க்கட்டு எனக்குப் புடிச்சுது. அதுக்காகத்தான் அவளையே கேப்போம்னு தோணுச்சு."

இதைவிட அக்கா பொய்யே சொல்லியிருக்கலாம். நான் எவனோடோ பேசுகிறேன் என்று சொல்லியிருந்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வெளுத்திருக்கும். அவள் ஒன்றுமே சொல்லாமல் என் கழுத்தை அறுத்துவிட்டு, நல்ல பெயரும் வாங்கிக்கொண்டாள்.

"நான் உப்புப் பாத்தேன் அத்த" என்றேன். "உலைத் தண்ணிய நாக்குல வச்சுட்டேன். அவளுக்கும் அது நல்லாத் தெரியும்."

அத்தை கையிலிருந்த வெங்காயத்தை மட்டும் உரித்துக்கொண்டே போனார், உரிக்க ஒன்றும் மிச்சமில்லாத வரைக்கும். கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "ரெண்டு புள்ளைக்குத் தாயாயிட்டா. இத நீ வேற யாருகிட்டயும் சொல்லாதம்மா, ஒன்னையக் கும்புடுறேன்" என்றார்.

அவரும் என்னிடம் வாய்க்கட்டைத்தான் கேட்டார்.

சாயங்காலம் ரயிலுக்கு அக்காதான் என்னோடு வந்தாள். அடுப்படிப் பேச்சு அவள் காதில் விழுந்திருந்தது. மேடையில் நிற்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், "நான் ஒரு பொய்யும் சொல்லல. சாமியார்கிட்டயே கேட்டுட்டேன், பொய் இல்லன்னுதான் சொன்னாரு" என்றாள். என்ன கேட்டாள், எப்படிக் கேட்டாள் என்பது அவளுக்கும் சாமியாருக்கும் உள்ளது. நான் ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். அவள் என்னோடு ஒரே பாயில் படுத்துக்கொண்டே பறித்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பாயில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் அக்காவைத் திட்டுவாள், வயிற்றில் அடித்துக்கொள்வாள், நாளைக்கே புக்கிட் மெர்தாஜாம் புறப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான். போன கல்யாணம் போனதுதான், எனக்காக ஒருத்தராவது கோபப்பட்டால் போதும்.

அம்மா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"அக்கா சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. ஒரு வாய் தின்னதுமே தெரிஞ்சுபோச்சு. வாழ்நாள்ல சமைக்காத தானியத்துல நாக்குல வைக்காம எவளுக்குடி அவ்வளவு சரியா உப்பு விழும்?"

"அப்ப ஏம்மா நீ அவங்ககிட்ட சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவளக் கேட்டு வந்துட்டாங்க" என்றாள் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பாதி ஓலையில நின்னவளுக்கு வேற எவன் வருவான்? ஒனக்கு இன்னொருத்தன் வருவான்னு நெனச்சேன்."

எனக்கு இன்னொருத்தர் வரவில்லை. வரமாட்டார் என்று இதைச் சொன்னபோது அம்மாவுக்கும் தெரிந்துதான் இருந்தது.

அக்கா சாகக் கிடந்தபோது போய்ப் பார்த்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன், பாவசங்கீர்த்தனத்திலும் அப்படியே சொன்னேன், அது உண்மையும்கூட. அவள் தனக்காகச் செய்தாள். அம்மாவோ என் கையால் கிண்டியதைத் தின்றுகொண்டே, எனக்கு வந்ததை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டாள். அம்மாவை மன்னித்தேன் என்று சொல்ல எத்தனையோ தடவை சாமியார் முன்னால் முழந்தாளிட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு பாவத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.